சுவைஞர் மதிப்புரையும் புலனெறி வழக்கமும்

அண்மையாண்டுகளில் தமிழில் வெளிவரும் திகிற் படங்களையும், துப்பறியும் தொடர்களையும், காலப்பயணக் கதைகளையும் பற்றி எழுதப்படுவனவும் பேசப்படுவனவும் மிகப் பல. ஒரு தொடர் நள்ளிரவில் வெளியாயின், விடியுமுன் அதன் பகுதிகள் அனைத்தையும் கண்டு முடித்து, நிறையுங் குறையும் எடுத்துரைப்பார் பலர் உளர். இவருட் பெரும்பாலார் தம்மைத் திறனாய்வாளர் எனக் கூறிக்கொள்வதில்லை. ‘இவ்வகைக் கதையில் எமக்குப் பெரும்பற்று உண்டு, அதனாற் பேசுகிறோம்’ என்பதே அவர் கூற்று. தமிழ்த்துறைகளில் நாவலும் சிறுகதையும் ஆய்வுப் பொருளாகிய பின்னரும், இவ்வுரைகளைப் பொருட்படுத்துவார் அரியர். அவை பொருட்படுத்தத் தக்கன என்பதும், அவற்றின் குறை எவ்விடத்துளது என்பதும் ஈண்டு ஆராயப்படும். அக்குறையை எமக்குக் காட்டியவர் நூல்வல்லார் அல்லர். ஏழாயிரம்பண்ணையிலும் அதன் சுற்றூர்களிலும் பட்டாசு, தீப்பெட்டித் தொழில் செய்வார் சிலர். இதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். ‘ரசிகர்’ என்னும் வடசொல் நெடுங்காலமாக வழங்குவது. ‘விசிறி’ என்பதோ ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இரு பொருள் இருத்தலின், ஒன்றற்கு மற்றொன்றை மயங்கக் கொண்டு எழுந்த மொழிபெயர்ப்பு. காற்று வீசும் கருவிக்கும் கலையில் ஈடுபடும் உள்ளத்துக்கும் இயைபு யாதுமில்லை. ஆதலின் யாம் ‘சுவைஞர்’ என்னும் சொல்லையே ஆள்கின்றோம். சுவைஞருள்ளும் இருதிறத்தார் உளர். நடிகர் ஒருவர்பாற் பற்றுக் கொண்டு, அவர் நடித்தது யாதாயினும் போற்றுவார் ஒரு திறத்தார். மன்றம் அமைத்தலும் கொடி கட்டுதலும் அவர் மரபு. கதையின் வகையின்மேற் பற்றுக் கொண்டு, நடிப்பவர் யாராயினும் அவ்வகை செவ்வனே அமைந்ததா என நோக்குவார் மற்றொரு திறத்தார். முன்னவர்க்குப் படம் வெளிவருமுன்பே தீர்ப்பு ஆயத்தமாயிருக்கும். பின்னவரோ தாம் விரும்பும் வகை பழுதுபட்டவழிப் பகைவரினும் கடுமையாகப் பேசுவர். எம் ஆராய்ச்சி பின்னவரைப் பற்றியதே.

கதையின் வகை என்று இங்குக் கூறப்படுவது தமிழ் மரபுக்குப் புதியதன்று. புறத்திணைத் துறைகளைக் கற்றார் இதனை எளிதில் உணர்வர். ‘துறை’ என்பது புலவன் தானே புனைந்துகொண்ட நிகழ்ச்சி அன்று; அவனுக்கு முன்னரே நூற்றுவர் பாடிய நிகழ்ச்சி. வெட்சியில் ஆநிரை கவரப்படும் என்பது கேட்போர் யாவர்க்கும் தெரியும். தெரிந்திருந்தும் கேட்டனர், எவ்வாறு கவரப்படும் என்பதிலேயே அவர் இன்பம் இருந்தது. இன்று ஒரு நாளே மீண்டும் மீண்டும் வரும் கதையைக் காண்பானது இன்பமும் அத்தகையதே. வெங்கட் பிரபு இயக்கிய ‘மாநாடு’ 2021 நவம்பர் 25-ஆம் நாள் வெளிவந்தபோது, அதே மாதத்தில் சில நாள் முன்னர் வெளிவந்த ‘ஜாங்கோ’வோடு அதனை ஒப்பிட்டு, நாள் மீள்வதற்கு எப்படத்திற் காரணம் தக்கவாறு கூறப்பட்டது, மீள்வதை அறிந்த இரண்டாமவன் ஒருவன் உளனாயின் கதை எவ்வாறு திரும்பும் என்றெல்லாம் சுவைஞர் ஆராய்ந்தனர். மீளுகின்ற நாளை நாயகனேயன்றி அவன் பகைவனும் அறிந்துகொள்வதே ‘மாநாடு’ செய்த புதுமை என அவர் கண்டது சாலப் பொருந்தும். துறையறிவு இல்லாதார்க்கு அது புலப்பட்டிராது. நாளிதழ் மதிப்புரைகள் சில நடிப்பையும் இசையையும் தனித்தனியே எடைபோட்டு இப்பகுதியைக் கண்டுகொள்ளாமற் போயின.

இனி, இச்சுவைஞர் தம் பாராட்டைக் கூறும் முறையை நோக்குவோம். ‘புல்லரித்துப் போனேன்’ என்பர். ‘கையெல்லாம் நடுங்கிற்று’ என்பர். கற்றோர் இதனைக் கேட்டு நகுதல் உண்டு. ஆயின் உள்ளத்து நிகழ்ச்சி உடலிற் புலப்படுதலே மெய்ப்பாடு எனின், தம் உடலிற் புலப்பட்டதை உள்ளவாறு கூறும் இவர் தவறு செய்தாரல்லர். அச்சம் தோன்றும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இன்றைய திகிற் கதைகள் அனைத்தையும் இந்நான்கனுள் அடக்கலாம். அஜய் ஞானமுத்து இயக்கிய ‘டிமான்டி காலனி’ (2015) அணங்கின்பாற்படும். துப்பறி தொடர்கள் கள்வரின்பாற்படும். 2022 பிப்ரவரியில் வெளிவந்த, பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கிய தொடருக்கு ‘விலங்கு’ என்றே பெயர். கொடியவனைப் பூட்டும் தளையும், அவனுள் உறையும் கொடுமையும் ஒரு சொல்லில் அடங்கின. நான்காவதாகிய இறை, அஃதாவது நம்மேல் அதிகாரம் உடையாரால் வரும் அச்சம், தமிழ்த் திரையில் குறைவாகவே ஆளப்பட்டுளது. இந்நான்காவதனை மீண்டும் நினைக்கவேண்டிய இடம் இக்கட்டுரையில் வரும்.

ஈடுபாட்டையே திறனாய்வாகக் கொள்ளும் நெறிக்குத் தமிழில் அண்மை முன்னோடி ஒருவர் உளர். அவர்தாம் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். நெல்லையில் தம் இல்லத்தில் நண்பரைக் கூட்டி அவர் நடத்திய ‘வட்டத்தொட்டி’ கம்பன் பாடலைச் சுவைப்போர் கூட்டமாகவே விளங்கிற்று. 1954-இல் குற்றாலத்தில் மறையும்வரை அவர் செய்தது இதுவே: ஒரு பாடலை எடுப்பார், அதன் ஓசையிலும் பாவத்திலும் தாம் தோய்வார், கேட்போரையும் தோயச் செய்வார். கம்பனைப் பண்டிதர் அறையினின்று வெளிக்கொணர்ந்த பெருமையில் அவர்க்குப் பெரும்பங்கு உண்டு. எனினும் அவ்வீடுபாடே அவரை ஓரிடத்தில் வழுக்கச் செய்தது. தமக்குச் சுவைக்காத பாடல் கம்பனுடையதாக இருத்தல் இயலாது என அவர் துணிந்தார். பாடல்கள் பலவற்றை விலக்கினார். சிலவற்றின் சொற்களையும் மாற்றினார். ஏட்டுச்சான்றினும் தம் நெஞ்சின் சான்றே பெரிதெனக் கொண்டமை இதற்குக் காரணம். சுவைஞர் மதிப்புரையின் வலிமையும் மெலிவும் இவரிடத்தே ஒருங்கு காணப்படுகின்றன. சுவை ஒன்றே அளவுகோலாயின், சுவைக்கும் நெஞ்சுக்கு வெளியேயுள்ள எதுவும் சான்றாக நிற்றல் இயலாது.

வெளியேயுள்ள அச்சான்று யாது என்னும் வினாவோடு யாம் சென்ற ஊர் ஏழாயிரம்பண்ணை. சாத்தூரை அடுத்த இவ்வூர் பாளையக்காரர் காலத்தில் ஒரு பாளையத்தின் தலைமையிடமாக இருந்தது. 1910-இல் சாத்தூர் வட்டாரம் திருநெல்வேலியினின்று பிரிந்து இராமநாதபுர மாவட்டத்திற் சேர்ந்தது. 1985-இல் விருதுநகர் மாவட்டம் தனியே அமைந்தது. ஆயினும் பேச்சுவழக்கிலும் உறவுமுறையிலும் நெல்லைச் சாயல் இன்னும் மறையவில்லை. இன்று இவ்வட்டாரத்தின் பிழைப்பு பட்டாசும் தீப்பெட்டியும். இங்குப் பணிபுரியும் இளைஞர் அறுவர் எழுவர், வேலை முடிந்த மாலைகளில் ஒரு தேநீர்க் கடையின் பின்புறத்தில் கூடுவர். தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுசெல்லல் ஆகாது. வாயிலிலேயே ஒப்படைத்துச் செல்லவேண்டும். ஆகவே பகல் முழுதும் கைப்பேசியைத் தொடாத இவர்கள், இரவில் அதிலேயே தொடர்களைப் பார்த்து, மறுநாள் மாலை அவற்றைப் பற்றி வழக்காடுவர். யாம் சில மாலைகள் அவருடன் இருந்தோம். ‘இன்று நேற்று நாளை’ (2015) படத்தில் வரும் காலப்பொறியின் விதிகளை அவருள் ஒருவர் விளக்கிய தெளிவு, எம் முதுகலை மாணவர் பலர்க்கு யாப்பருங்கலக் காரிகையில் வாய்த்ததில்லை.

இவர் வகையின்மேற் பற்றுடைய சுவைஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பொருளில் மட்டும் இவர் ஏனையோரின் வேறுபட்டார். அப்பொருள் நெருப்பு.

நாயகன் பின்னே ஒரு கட்டடம் வெடித்துச் சிதற, அவன் திரும்பியும் பாராது நடந்து வரும் காட்சி உலகத் திரைப்படங்களில் எண்ணிறந்தன. அதனைக் கண்ட சுவைஞர் ஆரவாரிப்பர். இங்கு ஓர் இளைஞர் அக்காட்சியை நிறுத்திவிட்டுக் கூறினார்: “வெடிச்சா இப்படி நின்னு எரியாது சார். ஒரு வெளிச்சம். அப்புறம் புகை. அப்புறம் அந்த ரூம் இருக்காது.” இஃது ஆராயத்தக்கது. திரையில் யாம் காண்பது பெரும்பாலும் பெட்ரோல் போன்ற எண்ணெயைத் தெறிக்கவிட்டுக் கொளுத்திப் பெறும் செம்மஞ்சட் பிழம்பு. கண்ணுக்கு அழகாய் மெல்ல விரிந்து மேலெழுவது அதன் இயல்பு. பட்டாசு மருந்தின் இயல்பு வேறு. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த மணிமருந்து, சிறியதோர் உராய்வாற் பற்றிய மாத்திரத்தில் வெண்மையாக ஒளிர்ந்து, வெப்பமும் வளியுமாக விரிந்து சுவரைத் தள்ளிவிடும். காண்பதற்குப் பிழம்பு என ஒன்று இராது. இதன் பொருட்டே இத்தொழிலில் அறைகள் ஒன்றற்கொன்று விலகி நிற்கக் கட்டப்படுகின்றன. ஓர் அறையில் நால்வர்க்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. விதி மீறப்பட்டவழி நேர்வது யாது என்பதை இவ்வட்டாரம் நன்கறியும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின் மேற்பட்டோர் இறந்தனர். ஏழாயிரம்பண்ணைக்கு அணித்தான அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் நேர்ந்ததில் இருபதின் மேற்பட்டோர் இறந்தனர். எம்மொடு பேசிய இளைஞர் அந்நாளைப் பற்றி யாதும் கூறவில்லை, யாமும் வினவவில்லை.

புலனெறி வழக்கம் என்பது நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து அமைவது என்பது தொல்காப்பிய மரபு. தனி நாடக வழக்காயின் அது வெறும் கட்டு. தனி உலகியலாயின் அது வெறுஞ் செய்தி. சுவைஞர் மதிப்புரை நாடக வழக்கை நுனித்து அறிகின்றது. துறை அமைந்ததா, திருப்பம் எதிர்பாராததா, விதி முரண்பட்டதா எனக் கேட்கின்றது. உலகியல் வழக்கை அது பெரும்பாலும் கேட்பதில்லை. அவ்வினா எழுந்தால் இன்பம் கெடும் என அஞ்சுவர் போலும். ஏழாயிரம்பண்ணையில் அவ்வினா எழுந்தது, இன்பமும் கெடவில்லை. அவ்விளைஞர் காட்சியை மீண்டும் ஓடவிட்டு, நாயகன் நடையைப் புகழ்ந்துகொண்டே பார்த்தார்.

இதனை ஒரு தொடரின்மேல் வைத்துப் பார்ப்போம். புஷ்கர்–காயத்ரி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய ‘சுழல்’ 2022 சூன் 17-ஆம் நாள் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. சாம்பலூர் என்னும் மலைச்சாரல் ஊரிலுள்ள சிமெண்டுத் தொழிற்சாலை, மயானக்கொள்ளைத் திருவிழாவின் இரவில் தீப்பற்றி எரிகின்றது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். திருவிழாவின் நாள்களைக் கதையின் பகுதிகளோடு இயைத்த அமைப்பைச் சுவைஞர் ஒருமுகமாகப் போற்றினர். எம் கருத்தும் அதுவே. கொடியவன் யார் என்பதை இங்கும் வெளிப்படுத்தாதுவிடுகின்றோம். சிலப்பதிகாரம் பதிகத்திலேயே கதை முழுவதையும் கூறிவிட்டுத் தொடங்கும் நெறியினது. இத்தொடரின் நெறி அஃதன்று. அவரவர் நெறியை மதித்தல் வேண்டும் என்பதில் யாம் சுவைஞரோடு ஒருப்பட்டவர்.

ஆயினும் எம் ஏழாயிரம்பண்ணை நண்பர் எழுப்பிய தடை வன்மையுடையது. “பேக்டரி எரிஞ்சுது. அதோட பேக்டரி முடிஞ்சுது. வேலைக்குப் போன ஆளுக என்ன ஆனாக?” என்றார் ஒருவர். தீயை வைத்தவர் யார் என்னும் வினாவைக் கதை எழுப்புகின்றது. சண்முகத்தின்மேல் ஐயம் படர்கின்றது. காப்பீட்டு அலுவலர் ஒருவர் வந்து துருவுகின்றார். ஆனால் அத்தீயால் பிழைப்பிழந்த ஊர், கதையின் பின்புலத் திரையாகச் சுருங்குகின்றது. நெருப்பு இங்கு வாயிலாக மட்டுமே நிற்கின்றது. அதன்வழி உள்ளே புகுந்தபின் யாரும் அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. யாம் படித்த மதிப்புரைகள் பலவற்றுள், முதற்பகுதித் தீக்காட்சியின் ஒளிப்பதிவைப் பாராட்டியோர் உளர். இவ்வினாவை எழுப்பினார் ஒருவரும் இலர். இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம்: ஒரு மறைபொருட் கதையிடம் தொழிலாளர் நிலையைக் கேட்டல் துறைமாறிய வினா அன்றோ? அன்று. தொழிற்சங்கத் தலைவனைத் தந்தையாக அமைத்ததும், வேலைநிறுத்தத்தைத் தொடக்கமாக அமைத்ததும் தொடரே. தான் திறந்த கதவின் வழி உள்ளே நோக்குமாறு கதையைக் கேட்பது துறைமாறுதல் ஆகாது.

மயானக்கொள்ளையைப் பற்றியும் அவர்க்கு ஒரு கருத்து இருந்தது. மேல்மலையனூர் முதலிய வடமாவட்டங்களில் அங்காளம்மன் கோயில்களிற் சிறந்த இவ்விழா, இருக்கன்குடி மாரியம்மனை வணங்கும் இத்தென்புலத்தார்க்குப் பழக்கமற்றது. சமவெளிக்குரிய விழாவை மலைச்சாரலில் வைத்ததனைத் திணைமயக்கம் எனின் அமையும். யாம் அதைக் குறையென்னோம். 2025 பிப்ரவரி 28-இல் வந்த இரண்டாம் பருவத்தில் காளிபட்டணம் என்னும் கடற்கரை ஊரும் அட்டகாளி விழாவும் வந்தபோது, ‘இது குலசேகரப்பட்டினம் தசரா’ என முதற் காட்சியிலேயே கண்டுகொண்டதாக அவர் கூறி மகிழ்ந்தனர். அறிந்ததைத் திரையிற் காணும் உவகை அது.

‘வதந்தி’யைப் (2022) பற்றியும் ஒரு சொல். ஆண்ட்ரூ லூயிஸின் இத்தொடர் மெதுவாகச் செல்கின்றது என்பது சுவைஞர் பலர் கூறிய குறை. இறந்த பெண் ஒருத்தியைப் பற்றி ஊரார் கூறும் கதை பகுதிதோறும் மாறுவதே அதன் கட்டமைப்பு. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் நடுவயது அம்மையார் ஒருவர், மகனுடைய கைப்பேசியில் இதனைப் பார்த்தவர், “ஊர்ப்பேச்சு ஒரே நாள்லயா பரவும்? கொஞ்சங் கொஞ்சமாத்தான் அந்தப் பிள்ளையக் கெடுக்கும்” என்றார். விரைவை ஒரு விழுப்பமாகக் கொள்ளும் சுவைஞர்க்கு இதனினும் நல்ல மறுப்பை யாம் எழுதிவிடல் இயலாது.

மீண்டும் நெருப்புக்கு வருவோம். வஞ்சின மாலையில் தீக்கடவுள் கண்ணகிமுன் தோன்றி, யார் யார் பிழைத்தற்குரியர் என வினவுகின்றான். அறவோரும் பசுவும் பத்தினிப் பெண்டிரும் முதியோரும் குழவியரும் விலக்கப்படுகின்றனர். தேர்ந்து எரிக்கும் நெருப்பு அது. நாடக வழக்கின் உச்சம். திரையின் நெருப்பும் அவ்வழியினதே. தீயோனைச் சுட்டு நாயகனை விடும். உரையாசிரியர் மெய்ப்பாட்டியலில் ஒரு நுட்பம் கூறுவர்: அஞ்சி ஓடிவருவானைக் கண்ட மற்றொருவன், தானும் அஞ்சுவான் என்பது கட்டாயமன்று, நகுதலும் கூடும், இரங்குதலும் கூடும். திரைத்தீயைக் கண்டு பிறர் வியக்கின்றனர். அச்சங்குளத்தை அடுத்து வாழ்வார் அதே தீயைக் கண்டு நகுகின்றனர். அந்நகை அறியாமையாற் பிறந்ததன்று. உண்மைத் தீ தேர்ந்து எரிப்பதில்லை என்பதை அறிந்தார் நகை அது.

இவர் மண்ணின் வாழ்வு திரையில் வந்ததில்லையோ எனின், வந்தது. சலம் பென்னூர்க்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) இத்தொழிலில் உழன்ற சிறுவரைப் பதிவுசெய்த ஆவணப்படம். வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) விருதுநகர் மண்ணையும், பள்ளிக்குச் செல்லாமற் படம் பார்த்ததற்காகத் தந்தையால் ஒறுக்கப்பட்ட சிறுவனையும் காட்டிற்று. இரண்டும் தத்தம் வகையிற் சிறந்தன. இவற்றை எடுத்துக் கூறியபோது இளைஞர் மறுக்கவில்லை, ஆயின் அவருள் ஒருவர், “எங்க ஊரக் காட்டுனா அழுகாச்சிப் படமாத்தான் காட்டுறாக சார். நாங்க பேய்ப்படமும் பாக்குற ஆளுகதான?” என்றார். எண்வகை மெய்ப்பாட்டுள் அழுகை ஒன்றே தமக்கு ஒதுக்கப்பட்டதை அவர் முறையிட்டார் என்பது எம் துணிபு. இரக்கத்தை வேண்டாத முறையீடு அது. சுவைஞர் மதிப்புரைகளும் இப்பங்கீட்டை வினவாமல் ஏற்றுக்கொண்டுள்ளன: நகரத்தார்க்கு மருட்கையும் அச்சமும், கரிசல் நிலத்தார்க்கு அழுகை.

அன்னதாயின் நீவிர் எடுக்கும் திகிற் கதை யாது என யாம் வினவினோம். அவ்விளைஞர் சிறிதும் தயங்கவில்லை. நெடுநாள் எண்ணியிருத்தல் வேண்டும். “ஒரு ரூம்ல நாலு பேருதான் இருக்கணும் சார். காலைல வேலை ஆரம்பிக்கிறாக. மருந்து அள்ளுறவன் நிமிந்து பாக்கான். அஞ்சு பேரு இருக்காக. அம்புட்டுத்தான் கதை.”

அவ்வைந்தாமவன் பேயோ எனக் கேட்டோம். “அதான் சார், கடைசி வரைக்கும் சொல்லக்கூடாது. பேயாவும் இருக்கலாம். தீபாவளி ஆர்டரு நெருக்குதுன்னு மேல இருந்து அனுப்புன ஆளாவும் இருக்கலாம்.”

அணங்கும் இறையும் ஓர் அறைக்குள் நின்றன. கேட்டிருந்தார் ஒருவரும் நகவில்லை. சிறிது பொழுது கழித்து, இக்கதைக்கு ஆறு பகுதி போதுமா எட்டுப் பகுதி வேண்டுமா என அவர்க்குள் வழக்குத் தொடங்கிற்று. யாம் பேருந்துக்கு எழுந்தபோதும் அது முடிந்திலது.